வளைவில் அடிக்கும் ஹோன்

றொசல்லையைத் தாண்டி ஹட்டன் பக்கம் ஏறும்போது, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு இருக்கிற லயத்துக்குக் கீழே ரோடு ஒரு தரம் மலைக்குள் மடிந்துவிட்டு வெளியே வரும். எதிரே வருகிற வண்டி கிட்டே வந்தால்தான் தெரியும். அதனால் எல்லா லொறிக்காரரும் அந்த இடத்தில் ஹோன் அடிப்பார்கள். நான் அடிப்பது மட்டும் வேறு மாதிரி. இரண்டு குட்டை, ஒரு நீட்டு. எதிரே வருகிறவருக்காக அடித்தது பாதி. மேலே லயத்தில் இருக்கிற என் பிள்ளைகள் உங்கள் இரண்டு பேருக்காக அடித்தது பாதி.

அந்தச் சத்தம் கேட்டதும் நீங்கள் ஓடிவருவது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மூத்தவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முதலில் வருவான். சின்னவள் செருப்பைத் தேடி, ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல், கிடைத்ததையும் விட்டுவிட்டு வெறுங்காலோடு படியில் இறங்குவாள். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் ரோட்டை விட்டு உள்ளே ஒரு சின்னத் திடல் உண்டு. லொறியை அதற்குள் விட்டு நிறுத்தி, என் பக்கக் கதவைத் திறந்து, அவிசாவளையில் வாங்கிய பையை உங்களிடம் கொடுப்பேன். றம்புட்டான் காலத்தில் றம்புட்டான், மற்ற நாளில் அன்னாசி, ஒன்றும் கிடைக்காவிட்டால் பேக்கரியில் பணிஸ். உங்கள் அம்மா மேலே வாசலில் நின்று பார்த்துவிட்டு உலை வைக்கப் போவாள். டிக்கோயாவுக்கு அந்தப் பக்கம் பெக்டரியில் சாமானை இறக்கிவிட்டு நான் திரும்பும்போது சோறு வெந்திருக்கும்.

சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவன் நான். பெரிய எழுத்தெல்லாம் எனக்கு வராது. ஆனாலும் இதை எழுதிவைக்க வேண்டும் என்று பட்டது. அந்த ஹோனை இப்போது உங்கள் மாமாவும் அடிக்கிறான். அது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஏன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் முதலாளிக்கு ஹட்டனில் கடையும் உண்டு, லொறிகளும் உண்டு. உரம், கோதுமை மா, சீமெந்து எல்லாம் கீழேயிருந்து மலைக்கு வரும். மலையிலிருந்து தேயிலைத்தூள் மூட்டைகள் கொழும்புக்குப் போகும். முன்பு ஒவ்வொரு லொறிக்கும் ஒரு டிரைவர் இருந்தார். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒருவர் கட்டாருக்கு, ஒருவர் டுபாய்க்கு, என்னோடு சோறு பகிர்ந்து சாப்பிட்ட ஒருவர் ருமேனியாவுக்கு. அங்கே பனிக்குள் லொறி ஓட்டுகிற போட்டோவைப் போனில் அனுப்பினார். அவர்கள் விட்டுப்போன லொறிகள் ஹட்டன் கராஜில் நின்றன. டயருக்குக் கீழே புல் முளைத்துவிட்டது. புது ஆட்கள் வந்தார்கள், ஒரு தூர ஓட்டம் போய்வந்து, வீட்டை விட்டு இத்தனை நாள் இருக்க முடியாது என்று நின்றுவிட்டார்கள்.

அப்போதுதான் முதலாளி ஒரு யோசனை கண்டுபிடித்தார். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்துச் சொன்னார்.

"தம்பி, நீங்க மலை ஏறி இறங்குற நேரத்துல கீழ இன்னொரு லோட் கொண்டாந்துருவீங்க. ஏத்தத்த இங்க உள்ள ஆளுங்க பாத்துக்கட்டும். நீங்க கினிகத்தேனையோட திரும்பிருங்க."

இங்கே உள்ள ஆட்கள் என்றால், பெரிய வண்டி ஓட்டுகிற லைசன் இருந்தும் வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் த்ரீவீல் ஓட்டுகிறவர்கள், மரக்கறி வேன் ஓட்டுகிறவர்கள். அவர்களை எல்லாம் ஒரு வட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தார். பகலைக்கு ஒரு ஏற்றம் இருக்கிறது, யார் வருகிறீர்கள் என்று அதில் போடுவார்கள். முதலில் பதில் போட்டவருக்கு அந்த ஹயர். ஓடினால் கூலி, ஓடாவிட்டால் இல்லை. மாதச் சம்பளம் கிடையாது, ஆனால் பொழுது சாயும்போது அவரவர் வீட்டில் இருக்கலாம்.

எங்கள் லயத்தில் அந்த லைசன் இருந்தது உங்கள் அம்மாவின் தம்பிக்குத்தான். த்ரீவீலை மட்டும் நம்பாதே, பெரிய லைசனும் எடுத்து வை என்று அவனுக்குச் சொன்னதே நான்தான். வீட்டுக்குள் போன் பேசலாம், ஆனால் வட்ஸ்அப்புக்கு லயத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அவன் காலையிலேயே போனோடு அங்கே போய் நின்றுகொள்வான். வேறு யாரும் பதில் போடுவதற்குள் அவன் போட்டுவிடுவான்.

நாங்கள் வண்டி மாறுகிற இடம் கினிகத்தேனையில் ஒரு டீக்கடை வாசல். நான் கீழேயிருந்து கொண்டுவந்த லொறியை அவனிடம் கொடுப்பேன். அவன் மேலேயிருந்து தேயிலையோடு இறக்கிய லொறி எனக்கு. அவன் ஏறிப் போவான், நான் வந்த வழியே திரும்பி இறங்குவேன். கடைக்காரி ஒரு சிங்கள அம்மா. ஒரு லொறிக்கு எதற்கு இரண்டு வீட்டுக்காரர் என்று அவரது பாஷையில் கேட்டுச் சிரிப்பார். அவனும் சிரிப்பான். நான் டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

அவன் என்னைவிட உயரம். அவன் இறங்கிய லொறியில் நான் ஏறினால் சீட்டு பின்னால் போயிருக்கும், காலுக்குக் கிளட்ச் எட்டாது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் ரோடு தெரியாது, வானம்தான் தெரியும். எல்லாவற்றையும் எனக்கு ஏற்ற மாதிரித் திருப்பி வைத்தால்தான் கிளம்ப முடியும். மற்றபடி லொறியைத் துடைத்து, தூசி தட்டி, முன்கண்ணாடிக்குக் கீழே புதுப் பூ வைத்திருப்பான். குறை சொல்ல ஒன்றும் இருக்காது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

முன்பு வாரத்தில் பல நாள் வீட்டைத் தாண்டித்தான் என் ஓட்டம். இந்த ஏற்பாடு வந்த பிறகு சனிக்கிழமை மட்டும்தான் வீடு. அதனால் அவிசாவளையில் வாங்குகிற பையை அவனிடமே கொடுத்தனுப்பினேன். வளைவில் நிறுத்திப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடு என்றேன். அவனும் தட்டாமல் செய்தான்.

ஒரு நாள் கித்துல்கலையில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன் எடுத்தேன். சின்னவள்தான் பேசினாள்.

"அப்பா, மாமா றம்புட்டான் கொண்டாந்தாங்க. நெறைய. நீங்க வரும்போது ஒன்னும் கொண்டாராட்டியும் பரவாயில்ல."

நல்ல மனதோடுதான் சொன்னாய். அப்பாவுக்குச் செலவு வேண்டாம் என்று நினைத்தாய். அதைப் பார்த்துப் பார்த்து எடுத்தது நான், புளிப்பா இனிப்பா என்று ஒன்றை உரித்து வாயில் போட்டுப் பார்த்தது நான் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஒரு சின்னப் பிள்ளையிடம் அதைச் சொல்லிக் காட்டுவதா என்று விட்டுவிட்டேன். உங்கள் அம்மாவிடம் கேட்டேன். அவன் கொடுக்கும்போதே இது அப்பா தந்தது என்று சொல்லித்தான் கொடுக்கிறான், பழத்தைப் பார்த்த பிறகு பிள்ளைகளுக்குக் காது கேட்பதில்லை என்றாள்.

அதையாவது தாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் நடந்ததுதான் என்னைப் போட்டு வாட்டியது.

அன்றைக்கும் வண்டி மாறி இறங்கும்போது, தேயிலை லொறியை ஓரமாக விட்டுவிட்டு வீட்டுக்குப் பேசினேன். சின்னவள் பள்ளிக்கூடத்தில் யாரோ அவளுடைய கலர் பென்சிலை எடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் அவள் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீட்டு.

"அப்பா, இருங்க. லொறி வருது."

போனைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிட்டாய். நான் வைக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடி இருந்தேன். படியில் காலடி கேட்டது. எங்கேயோ கோழி கத்தியது. பக்கத்து வீட்டுக் காம்பராவில் ரேடியோ பாடியது. கொஞ்சம் கழித்து, தூரத்தில் நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறது கேட்டது. என் லொறி, என் பை, என் ஹோன். நான் மட்டும் கித்துல்கலையில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னோடு பேசிக்கொண்டிருந்த பிள்ளை என் சத்தத்தைக் கேட்டு என்னை விட்டுவிட்டு ஓடியது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சனிக்கிழமையும் எனக்குச் சரியாக அமையவில்லை. அன்றைக்குத் தேயிலை இறங்காது, நான் வீட்டுக்குப் போகிற நாள். உங்கள் மாமா பஸ்ஸில் இறங்கி வருவான், லொறியை அவனிடம் கொடுத்துவிட்டு நான் பஸ்ஸுக்கு நிற்பேன். அவன் கூப்பிடுவான்.

"ஏறுங்க மச்சான், வீட்டுக்குத்தான போறோம்."

நான் ஏற மாட்டேன். லொறிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஸ்டியரிங் பிடித்தவன் இடப்பக்க சீட்டில் உட்கார மாட்டான். அது கிளீனர் உட்காருகிற சீட்டு. கிளீனர் வேலைக்கு ஆள் வருவது நின்று காலமாகிவிட்டது, ஆனாலும் அந்த சீட்டின் பெயர் மாறவில்லை. நான் ஓட்டிய வண்டியிலேயே, என் மனைவியின் தம்பி ஓட்ட, நான் அங்கே உட்கார்ந்து ஹட்டன் டவுனுக்குள் போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? கடையில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி அவனை அனுப்பிவிடுவேன். பிறகு சனிக்கிழமைக் கூட்டத்தில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். பஸ் வட்டவளையில் ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கும்போதே அவன் வளைவில் ஹோன் அடித்திருப்பான். நான் படியேறும்போது நீங்கள் பழம் தின்று முடித்து, கையைக் கழுவிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கராஜைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் போன் போட்டு, இன்றைக்கு ஏற்றத்துக்கு ஆள் வேண்டாம், நானே கொண்டுவருகிறேன் என்றேன். முதலாளிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தேன். கினிகத்தேனையில் நிறுத்தவே இல்லை. டீக்கடை அம்மா வாசலுக்கு வந்து பார்த்தார்.

ஏற்றம் தொடங்கியதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. உர மூட்டையோடு லொறி முனகிக்கொண்டு ஏறியது. எந்த இடத்தில் கியரை இறக்க வேண்டும், எந்த இடத்தில் ரோட்டில் தண்ணீர் ஓடும் என்று கைக்கும் காலுக்கும் மறக்கவில்லை. வட்டவளையில் மழை. றொசல்லைக்கு மேலே மிஸ்ட் இறங்கி ரோட்டை மூடி நின்றது. வளைவு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து அடித்தேன். இரண்டு குட்டை, ஒரு நீட்டு.

படியில் ஒருவரும் வரவில்லை.

திடலுக்குள் விட்டு நிறுத்தி இன்னொரு தரம் அடித்தேன். மடுவத்துக்குள் ஒதுங்கி நின்ற நாய் ஒன்று எழும்பிப் பார்த்துவிட்டுப் படுத்தது. மிஸ்ட்டில் கேட்கவில்லையாக்கும் என்று மூன்றாம் தரமும் அடித்தேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு நனைந்தபடி படியேறினேன்.

வீட்டுக்குள் அடுப்படியில் உங்கள் மாமா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். நீங்கள் இரண்டு பேரும் அவனுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், சூட்டோடு பிய்த்துத் தின்றுகொண்டிருந்தீர்கள். சின்னவள் என்னைப் பார்த்து எழும்பி, பஸ்ஸிலா வந்தீர்கள் என்று கேட்டாள்.

"லொறியில. ஹோன் அடிச்சேனே, கேக்கலயா?"

மூத்தவன்தான் பதில் சொன்னான். வாயில் ரொட்டி இருந்தது.

"கேட்டுச்சுப்பா. மாமா இங்கதான இருக்காங்க, அப்ப வேற யாரோன்னு இருந்துட்டோம்."

நீ பொய் சொல்லவும் இல்லை, பிழையாகச் சொல்லவும் இல்லை. அந்தச் சத்தத்துக்கு மாமா என்று அர்த்தம். மாமா வீட்டில் இருந்தால் வெளியே அடிக்கிறவன் யாரோ. நான் பையைக் கொடுத்தேன். நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். பெக்டரியில் நேரமாகிறது என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

உங்கள் மாமா ரொட்டி மாவு ஒட்டிய கையோடு பின்னாலேயே வந்தான். லொறிக்குப் பக்கத்தில் வந்து நின்றுதான் பேசினான்.

"மச்சான், இன்னைக்கு ஏத்தம் இல்லன்னு குரூப்புல போட்டிருந்தாங்க. அதான் வீட்ல இருந்தேன். என் ஓட்டத்துல ஏதும் குறை இருந்தா நேரா சொல்லிருங்க. ஓடுனாத்தான் எனக்குக் கூலி."

குறை ஒன்றும் இல்லை என்றேன். அப்படியானால் ஏன் என்று கேட்டான். எனக்கு உண்மையைச் சொல்ல வரவில்லை. சொல்லக்கூடிய ஒன்றைச் சொன்னேன்.

"கண்ணாடியத் திருப்பி வச்சிட்டுப் போற. எனக்கு வானந்தான் தெரியுது."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்.

"நீங்களுந்தான் திருப்புறீங்க. எனக்கு டயர் மட்டுந்தான் தெரியுது."

அன்றைக்கு நான் மேலே ஏறியதால், கீழே போக வேண்டிய தேயிலை ஏற்றிய லொறி ஹட்டனிலேயே நின்றுவிட்டது. மறுநாள் காலையில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். ஏசவில்லை. மலை ஏறுகிற ஆட்கள் இப்போது இங்கே இருக்கிறார்கள், கீழே தூரம் ஓட நம்பிக்கையான ஆள் நீங்கள் மட்டும்தான் என்றார். கராஜைக் காட்டினார். புல் முளைத்துக் கிடந்த லொறிகளில் ஒன்றுதான் மிச்சம் நின்றது. மற்றவை ரோட்டில் இருந்தன. அந்த ஏற்பாடு சரி என்று எனக்கே தெரிந்தது. அது சரியாக இருந்ததால் யாரையும் கோபிக்கவும் வழியில்லாமல் போயிற்று.

உங்கள் அம்மாவிடம் மட்டும் கேட்டேன், அந்த ஹோனை அடிக்க அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று. அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் சொன்னேன். மொத நாள் அவன் சும்மா அடிச்சிட்டு வந்து நின்னான். இதுக ரெண்டும் பாதிப் படியில நின்னுக்கிட்டு வரவா வேணாமான்னு பாக்குதுக. பை ஒங்க பை, லொறி ஒங்க லொறி. அதான் ஒங்க மாதிரியே அடிடான்னேன்."

"இப்ப நான் அடிச்சா ஒருத்தரும் வரல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வர்ற ஆளுக்கு எப்பிடி ஹோன் அடிக்கிறது? அவன் கூப்புடுறான்ல, பக்கத்துல ஏறி உக்காந்து வர வேண்டியதுதான. இடது பக்கம் உக்காந்தா ஒங்க லைசன யாராச்சும் புடுங்கிருவாங்களா?"

அடுத்த சனிக்கிழமை கினிகத்தேனையில் உங்கள் மாமா வழக்கம்போல ஏறுங்க மச்சான் என்றான். கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லப் போனேன், சொல்லவில்லை. இடப்பக்கம் சுற்றிப் போய் ஏறினேன். அவன் சீட்டைப் பின்னால் தள்ளினான், கண்ணாடியைத் திருப்பினான். டீக்கடை அம்மா பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார்.

இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் அதே ரோடு வேறு ரோடு மாதிரி இருக்கிறது. பள்ளம் பக்கத்திலேயே வருகிறது. கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் ஒவ்வொரு வளைவுக்கும் நேரத்தோடு கியரை இறக்கினான். நான் இறக்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கினான், லொறி முனகாமல் ஏறியது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வட்டவளையில் எதிரே ஒரு பஸ் வந்தபோது அவன் என் காலைப் பார்த்துச் சொன்னான்.

"மச்சான், அங்க பிரேக் இல்ல."

பார்த்தால் வலது கால் தரையைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகு கொஞ்சம் பேச்சும் வந்தது. த்ரீவீலுக்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை என்றான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் காலையில் நிற்கும்போது விரல் விறைத்துப்போகிறது, பதில் போடுவதற்குள் வேறு ஒருவர் முந்தினால் அன்றைய பொழுது சும்மா போகிறது என்றான். உங்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் என்றும் சொன்னான். அவன் பொழுது சாய்ந்தால் வீட்டில் இருக்கிறான் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

வளைவு வந்தது. அவன் ஸ்டியரிங்கின் நடுவிலிருந்து கையை எடுத்து ஓரத்தில் பிடித்துக்கொண்டான்.

"நீங்க அடிங்க மச்சான்."

நான் எட்டிச் சாய்ந்து அவன் கைக்கு மேலாக அடித்தேன். இரண்டு குட்டை, ஒரு நீட்டு. சாய்ந்து அடித்ததால் நீட்டு கொஞ்சம் கூடுதலாக நீண்டுவிட்டது.

திடலில் நிற்பதற்குள் படியில் நீங்கள் வந்துவிட்டீர்கள். மூத்தவன் முன்னால், சின்னவள் ஒற்றைச் செருப்போடு பின்னால். இரண்டு பேரும் நேராக வலப்பக்கக் கதவுக்குத்தான் ஓடினீர்கள். உங்கள் மாமா கதவைத் திறக்கவில்லை. கைகள் இரண்டையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு நாடியை நீட்டி என் பக்கம் காட்டினான். நீங்கள் அவனைப் பார்த்தீர்கள். பிறகு லொறியின் முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள்.

சுற்றிவர எடுத்த அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எனக்கு அவன் மேல் பொறாமைதான். இப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறது. முதலில் நீங்கள் போவது அந்தக் கதவுக்குத்தான், பழகிவிட்டது. மற்ற நாட்களில் அதைத் திறக்கிறவன் அவன்தானே.

அன்றைக்கு முதலில் வந்து சேர்ந்தது சின்னவள். கதவுக்குக் கீழே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க ஏன் இந்தப் பக்கம்?"

நான் கதவைத் திறந்து பையை என் கையாலேயே கொடுத்தேன்.